நுவரெலியா ஏறுவதற்கு ஒரு கார்

எங்களுக்குக் கலியாணமாகி மூன்று வருடமாகியும் சேர்ந்தாற்போல இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்ததில்லை. அவர் கப்பலில் எஞ்சினியர். நான் திருகோணமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். உவர்மலையில் வாடகை வீடு. வாசலில் நின்றால் துறைமுகம் தெரியும். எந்தக் கப்பல் உள்ளே வந்தாலும் பார்ப்பேன். அவருடைய கப்பல் ஒருநாளும் எங்கள் துறைமுகத்துக்கு வராது. அது தெரிந்தும் பார்ப்பேன்.

எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். ஏதோ ஒரு நாட்டில் யாரோ இடித்துத் திருத்திய கார் ஒன்றை அவர் மலிவாக வாங்கிக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார். லீவில் வந்தபோது அதை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். எனக்குக் கார் ஓடப் பழக்கியதும் அதில்தான். கண்டி வீதியில் தம்பலகாமம் வரை நேர் றோட்டு. பக்கத்தில் இருந்துகொண்டு, "இப்ப மிதியும். கால எடுக்கவேண்டாம்," என்பார். மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு யாரோ என்னைக் கதிரையோடு சேர்த்து அழுத்துவது போலிருக்கும். வயல்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடும். நான் கத்துவேன். அவர் சிரிப்பார்.

"இது டேர்போ," என்று விளங்கப்படுத்தினார். "எஞ்சின் வெளிய விடுற புகை ஒரு சில்லைச் சுத்தும். அந்தச் சில்லு காத்தை எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்துக் கூடினா இழுவை கூடும். அவ்வளவுதான்."

கலியாணம் முடிந்த கையோடு நாங்கள் நுவரெலியா போவதாக இருந்தது. போகமுதல் கொம்பனியிலிருந்து தந்தி வந்து அவர் கப்பலுக்குப் போய்விட்டார். இந்த முறையும் லீவு நாட்கள் அதற்குக் காணாமல் போயின. புறப்படும்போது சொன்னார்: "அடுத்த முறை கட்டாயம் போவம். ரெண்டுபேர் மட்டும். காரை நல்லாப் பாத்துக்கொள்ளும். அந்த மலை ஏறவேணும்."

அவர் போய் மூன்றாம் மாதமே காருக்கு இழுவை குறைந்தது. உவர்மலை ஏற்றத்துக்கே மூச்சு வாங்கியது. நான் எழுதினேன். மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. நான்கு பக்கம். நான் எப்படி இருக்கிறேன் என்று முதல் வரியில் ஒரு கேள்வி. மிச்சம் முழுக்க எஞ்சின். படம் வேறு கீறியிருந்தார்.

கண்டி வீதியில் கப்பல்துறை என்ற ஊரில் கிண்ணியாக்காரர் ஒருவர் கராச் வைத்திருந்தார். அண்ணன் முறையில் நான் அவரை நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் ரீச்சர். லொறியும் உழவு மெஷினும் திருத்துகிறவர். டேர்போவை அதற்கு முதல் கண்டதில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

"ஒங்கட மாப்புள என்ன எழுதியிருக்காரு? வாசிங்க," என்றார்.

நான் வாசித்தேன். சவர்க்காரத் தண்ணீரைக் காற்றுக் குழாய்கள் முழுக்கப் பூசி, எஞ்சினை இரையவிட்டுப் பார்க்கும்படி எழுதியிருந்தது. அப்படியே செய்தோம். ஒரு வளைவில் குமிழி குமிழியாக வந்தது. றப்பர் வெடித்திருந்தது. தள்ளுகிற காற்றில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குழாய் கொழும்பிலும் கிடையாது. நானா ஒரு பழைய லொறியின் ரேடியேற்றர் குழாயை வெட்டிப் பொருத்தினார். அன்று தம்பலகாமம் வரை போய் வந்தோம். கார் பழையபடி பாய்ந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எழுத வேண்டுமே. "இன்னும் இழுவை கூட்ட ஏலுமோ? செலவில்லாமல்?" என்று எழுதினேன். உண்மையில் காரின் வேகத்தில் எனக்கு அவ்வளவு பைத்தியம் இருக்கவில்லை. இப்படி ஒரு கேள்வி போனால் நான்கு பக்கம் வரும். சுகம் கேட்டு எழுதினால் அரைப் பக்கம்.

நான்கு பக்கம் வந்தது. புகை தடையில்லாமல் போகவேண்டும், சைலன்சர் குழாயை அகலமாக்கும்படி சொல்லியிருந்தார். நானா ஒரு லொறிக் குழாயை ஒட்டி வளைத்துப் போட்டார். இழுவை கூடியது, சத்தமும் கூடியது. பள்ளிக்கூட அதிபர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், நீங்கள் வாறது எங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். துறைமுகம் முழுக்கத் தெரியத் தேவையில்லை," என்றார். ஒரு கிழமை பஸ்ஸில் போனேன். நானா சத்தத்தைக் கொஞ்சம் அடக்கித் தந்தார்.

அடுத்த கடிதம்தான் ஆபத்தானது. டேர்போவின் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, காற்றின் அழுத்தம் கூடினால் ஒரு கம்பி அதைத் திறந்து புகையை வேறு வழியால் விட்டுவிடும், அந்தக் கம்பியை நுனித் திருகுச் சுரையில் இரண்டு சுற்றுக் கட்டையாக்கினால் கதவு பிந்தித் திறந்து இழுவை இன்னும் கூடும் என்று எழுதியிருந்தார். இரண்டுக்குக் கீழே இரண்டு கோடு.

நானா தலையைச் சொறிந்தார். "ரீச்சர், வெடிச்சா நான் பொறுப்பில்ல."

"நான் பொறுப்பு," என்றேன்.

ரயர்க் கடையில் ஒரு பழைய காற்று மீற்றர் வாங்கி, மெல்லிய குழாயில் இணைத்து, என் முன்னால் கட்டினார். இரண்டு சுற்றுச் சுற்றினார். தம்பலகாமத்து நேர் றோட்டில் மிதித்தேன். மீற்றர் முள் முன்பு ஒருநாளும் போகாத இடத்துக்குப் போனது. கார் பறந்தது. உடனே எஞ்சினுக்குள் கடலை வறுக்கிற மாதிரிச் சத்தம்.

"காலை எடுங்க! எடுங்க!" நானா கத்தினார்.

ஓரமாக நிறுத்தினோம். அவருக்கு வியர்த்துவிட்டது. "எங்கட பெற்றோல் இதுக்குக் காணாது. தானா வெடிக்குது. இப்பிடி ஓடினா பிஸ்டன் ஓட்டையாப் போகும். கம்பியப் பழையபடி விடுவம்."

கம்பியை நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லி, மெல்ல ஓட்டி வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பதில் வர மூன்று கிழமை. அவருடைய லீவுக்கு இரண்டு மாதமும் இல்லை. பேனையை வைத்துவிட்டு யோசித்தேன். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம் சுடும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் படிப்பிக்கிற விஷயம். நெருக்கினால் காற்றுச் சூடாகும். சூடான காற்று, தரம் குறைந்த பெற்றோல். வெடிக்காமல் என்ன செய்யும்? காற்றைக் குளிராக்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிருகிறது என்று நான்தானே வகுப்பில் கேட்கிறவள். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோகும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கப்பல்துறைக்குப் போனேன். "நானா, காத்துப் போற குழாய் வாயில தண்ணி தெளிச்சா என்ன?"

"எஞ்சினுக்குள்ள தண்ணியா?" ஸ்பானரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது அவர் எழுதினதா?"

"இல்லை. நான் சொல்லுறன்."

அவர் குனிந்து குழாய் வாயை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "தூறல் மாதிரி எண்டா பாக்கலாம். துளி துளியாப் போனாச் சில்லு தாங்காது," என்றார்.

கண்ணாடி கழுவுகிற சின்னத் தண்ணீர்ப் பம்மையே எடுத்துக்கொண்டோம். வாய்க்கு மண்ணெண்ணெய் அடுப்பின் நிப்பிள். அதன் ஓட்டையை ஊசியால் கொஞ்சம் பெருப்பித்தோம். முன்னுக்கு ஒரு பொத்தான். முள் ஏறும்போது அமத்தினால் பனிப்புகார் மாதிரித் தண்ணீர் போகும். நாலைந்து தரம் பிழையாகிப் போனது. ஒருமுறை எஞ்சின் இருமி நின்றது. கடைசியில் ஒரு பின்னேரம், அதே நேர் றோட்டில், முள் ஏறியது, அமத்தினேன், கடலை வறுக்கவில்லை. நானா காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். "சத்தமே இல்ல, ரீச்சர்," என்றார், நம்பாத குரலில்.

அன்று கடிதம் எழுத உட்கார்ந்தபோது கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்தது. எல்லாம் சரியாகியிருந்தது. வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு எழுதினேன்: "கார் சரி. நீங்கள் வாங்கோ." அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அப்படியே ஒட்டி அனுப்பினேன்.

பதில் வரவில்லை. அவரே வந்தார்.

மாத்தளை வழியாகக் கண்டி வரை அவர் ஓட்டினார். கம்பளை தாண்டியதும், "இனி நீர் ஓடும்," என்றார். புசல்லாவையிலிருந்து தேயிலைத் தோட்டங்கள், மழைத் தூறல். றம்பொடை வளைவுகளில் ஒரு தேயிலை லொறி புகை கக்கிக்கொண்டு முன்னால் ஏறியது. ஒரு நீட்டான இடம் கிடைத்தது. மிதித்தேன், பொத்தானை அமத்தினேன். லொறி பின்னுக்குப் போனது.

"அதென்ன பொத்தான்?"

"தண்ணி." செய்ததைச் சொன்னேன்.

"நான் எழுதேல்லையே. ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

அவர் அந்தப் பொத்தானை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கியரில் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தார். மேலே போய்ச் சேரும்வரை எடுக்கவில்லை. கியர் மாற்றக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

நுவரெலியாவில் அப்படியொரு குளிர். இருவரிடமும் சுவெட்டர் இல்லை. விடுதிக் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். அப்போது சொன்னார்: "கொம்பனியில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டன்."

"எப்ப?"

"உம்மட கடிதம் வர முதல். வந்த பிறகு சொல்ல ஏலாமப் போச்சு."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, மூடுபனி. அழவேண்டாம் என்று நினைத்து அழுதேன். அவர் போர்வையின் பாதியை எனக்கும் போர்த்தினார். மூன்று நாள் அங்கே இருந்தோம். ஏரியைச் சுற்றி நடந்தோம், கரட்டும் லீக்சும் வாங்கினோம், ஒரு சந்தோஷமான தம்பதியைப் போலவே இருந்தோம். அப்படித்தான் இருந்தோம், அதில் பொய் இல்லை.

அந்த இரண்டு வருடம் இன்னும் இரண்டாக, பிறகும் இரண்டிரண்டாக நீண்டுகொண்டே போனது. இடையில் பெற்றோலும் றோட்டும் நாடும் எல்லாம் மாறின. கார் குருநாகல் பக்கம் யாருக்கோ போய்விட்டது. நானா தன் கராச்சைக் கிண்ணியாவுக்கே கொண்டுபோனார். என் கணவர் கப்பலை விட்டு வீட்டுக்கு வந்தபோது இருவருக்கும் நரை தொடங்கியிருந்தது.

இப்போது நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் பகலில் றேடியோவைத் திருத்திக்கொண்டு அடுத்த அறையில் இருப்பார். நல்ல மனிசன். தேத்தண்ணி போட்டால் எனக்கும் சேர்த்துப் போடுவார். ஆனால் சில பின்னேரங்களில், தபால்காரனின் சைக்கிள் மணி றோட்டில் கேட்டால், எனக்கு அவர்மேல் தாங்க முடியாத ஏக்கம் வருகிறது. எழும்பிப் போய் அந்த அறை வாசலில் நிற்பேன்.

"என்ன?" என்று கேட்பார்.

"ஒண்டுமில்லை," என்பேன்.