பாதியில் நின்ற ரயில் பாதை

பதினைந்து வருடங்களுக்கு முன்பு விருதுநகரில், தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாறு நடத்தி வந்தேன். நவீன அமெரிக்க வரலாறு என்று ஒரு தாள். அதற்குத் தமிழில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஒன்று மெலிந்தது, கதை சொல்வதுபோல் போகும். மற்றது செங்கல் கனம். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. எதைப் பாடநூலாக வைப்பது என்பது என் முடிவு.

வகுப்புக்குத் தாயில்பட்டியிலிருந்து ஒரு பெண் வருவார். முப்பது வயதிருக்கும், ஒரு மகள் உண்டு. வீட்டில், தாளைச் சுருட்டிப் பட்டாசுக்குக் குழாய் உருட்டும் வேலை. ஒரு பட்டம் வாங்கி, மகளோடு அந்த வேலையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டு புத்தகங்களையும் அவரிடம் கொடுத்து, எது படிக்க முடிகிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன். அவர் அதை வேலையாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். "சார், நாங்க அஞ்சு பேரு வட்டமா உக்காந்து உருட்டுவோம். என் பங்கையும் அவுக உருட்டுனாக, நான் வாசிச்சேன். சின்னப் புத்தகத்துல ரயில் பாதை போடப் போன சீனக் கூலிக கதை வருதுல்ல? வெடிமருந்து வச்சு மலையை ஒடைச்சாகன்னு வாசிச்சதும், 'நம்மாளுக'ன்னுட்டாளுக. ஒருத்தியும் எந்திரிக்கல."

"பெரிய புத்தகம்?"

"'ஏட்டி, கையும் சேந்து தூங்குது, மூடி வையி'ங்காளுக, சார்."

வகுப்பே சிரித்தது. எனக்கோ, கதைப் புத்தகத்தை வைத்தவன் என்று மற்றக் கல்லூரிக்காரர்கள் பேசுவார்களே என்ற பயம். எல்லார் முன்னாலும் சொன்னேன்: "குழாய் உருட்டுறவங்களுக்குப் புரியிற புத்தகம் பட்டப்படிப்புக்கு ஆகாதும்மா."

அவர் இரண்டு புத்தகங்களையும் இரு கைகளாலும் நீட்டினார். மெலிந்த புத்தகத்தின் நடுவில், அடையாளத்துக்கு வைத்த குழாய்த் தாள் ஒன்று எடுக்கப்படாமல் இருந்தது.

பெரியதையே வைத்தேன். அமெரிக்க வரலாறு என்ற அந்த ஒரு தாளில் மட்டும் அவர் தேறவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

போன வருடம் அலமாரியை ஒழிக்கையில் அந்த மெலிந்த புத்தகம் கைக்கு வந்தது. குழாய்த் தாள் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அந்தப் பெண்ணின் தெருவில் குழாய் உருட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் விசாரித்தேன்.

"அவ மகளோட திருப்பூர் பக்கம் போயி வருசமாச்சே. எங்கனன்னு தெரியல."

பட்டம் வாங்கினாரா என்று கேட்டேன்.

"அந்த ஒரு பேப்பரு நின்னுபோச்சுல்ல, பொறவு அவ எழுதவே இல்ல." சொல்லிவிட்டு என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். "நீங்கதான் அந்த சாரா? புத்தகத்தைத் திருப்பி வாங்கிட்டீகளாமே. அவ எங்களுக்கு வாசிச்ச வரைக்கும் அந்தக் கூலிக மலைக்குள்ள நின்னாக, பனி வேற கொட்டுச்சு. வெளிய வந்தாகளா?"

குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. கதை தெரிய வேண்டும், அவ்வளவுதான். குழாய்த் தாள் இருந்த பக்கத்தைத் திறந்து, கீழே உட்கார்ந்து வாசித்தேன். இன்னும் இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள்.

"அவ வாசிச்சா இன்னும் நல்லா இருக்கும்," என்றார் அந்த அம்மாள், கை நிற்காமல்.

புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒருநாளாவது அந்த வட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அந்தப் பெண் வாசிப்பதைக் கேட்டிருந்தால் சரியான புத்தகத்தை வைத்திருப்பேன். கேட்காமல் விட்ட அந்தக் குரலுக்காகத்தான் இந்த வயதில் ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.