கண்ணாடிக் கடைச் சில்லு

சில்லுவுக்கு அந்தப் பெயர் வந்தது நாலு வயதில். மாடிப்படியில் உருண்டு விழுந்து முன்பல்லில் ஒரு ஓரம் பெயர்ந்துபோன அன்று தாய்மாமா வைத்த பெயர். பள்ளிப் பதிவேட்டில் இருந்த பெயரை வீட்டில் யாரும் கூப்பிட்டதே இல்லை. அது எவ்வளவு பெரிய உதவி என்று அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பதிவேட்டில் இருந்தது பையன் பெயர். சில்லு என்று யாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

தான் பெண் என்பது விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னது பதினைந்து வயதில், அக்காவிடம். மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா புத்தகத்தை மூடக்கூட இல்லை. எனக்கு எப்பவோ தெரியும், நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன் என்றாள். அப்பா பேருந்து ஓட்டுநர். இரண்டு நாள் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டவர், மூன்றாம் நாள், தினமும் எத்தனையோ விதமான ஆட்களை ஏற்றி இறக்குகிறேன், என் வண்டியில் இருக்கிற இடம் என் வீட்டில் இல்லாமல் போய்விடுமா என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. திட்டவில்லை, அழவில்லை, சண்டை போடவில்லை. மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்து களைத்து வரும் அம்மா, இத்தனை வருடம் வாய் நிறைய "வாடா, போடா" என்று கூப்பிட்டவள், அந்த "டா"வை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்தினாள். "டி" பக்கமும் போகவில்லை. நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்துக்கொண்டாள். "புள்ள வந்துருச்சா?", "புள்ளைக்குத் தலைவலியாம்." இப்படியே ஒன்றரை வருடம் ஓட்டினாள். சில்லு அதைக் கவனிக்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டாள்.

பள்ளி முடிந்ததும் மாமாவின் கண்ணாடிக் கடைக்குப் போய்விடுவாள். முன்னால் ஃப்ரேம் அடுக்கிய அலமாரிகள், கண் பரிசோதிக்கும் நாற்காலி. திரைக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு அறை, அதில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். வட்டமாக வரும் லென்ஸை ஃப்ரேமின் அளவுக்கு அது தேய்த்துக் கொடுக்கும். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க, அடியில் சுண்ணாம்புக் குழம்பு போல வெள்ளையாகச் சேரும். அக்காவின் பழைய பூப்போட்ட சட்டையில், காதை மறைக்கிற அளவு வளர்ந்த முடியோடு, சில்லு அங்கேதான் நிற்பாள். வாடிக்கையாளர்கள் முன்னால் வருவதில்லை. குரல் உடைந்த நாளிலிருந்து வெளியாட்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை என்று வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா வங்கிக்குப் போயிருந்தார். கடைக்குள் யாரோ நுழைந்து, ஃப்ரேம் மாட்டிய சுழல் தாங்கியில் மோதி, அதனிடமே மன்னிப்புக் கேட்கும் சத்தம் வந்தது. சில்லு திரையை விலக்கினாள். அவள் வயதுதான் இருக்கும், பதினேழு. முட்டி வரை மண். கைக்குட்டையில் ஒரு கண்ணாடியின் மிச்சங்களைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்தான். அவள் நின்ற திசைக்குக் கொஞ்சம் தள்ளி, சுவரைப் பார்த்து, அவசரமாகச் செய்து தர முடியுமா என்று கேட்டான்.

பவர் மைனஸ் ஆறரை. கண்ணாடி இல்லாவிட்டால் அவன் கண்ணுக்கு அவள் ஒரு பூப்போட்ட மங்கல், அவ்வளவுதான். அது புரிந்ததும் சில்லுவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. முக்கால் மணி நேரமாகும், உட்காருங்கள் என்றாள். அவன் ஸ்டூலைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். இயந்திரம் என்ன செய்கிறது என்று கேட்டான். அவள் சொன்னாள். பள்ளி அணியில் தான் கோல்கீப்பர் என்றான். பந்து பாதி தூரம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும், அதுவரை காலடிச் சத்தத்தை வைத்துத்தான் சமாளிப்பது, கண்ணாடியின் தடிமனால் ஊர் முழுக்கத் தனக்கு சோடாபுட்டி என்று பெயர் என்றான். சில்லு வாய்விட்டுச் சிரித்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் பேசியது அந்த மாதம் முழுக்க வெளியாட்களிடம் பேசியதைவிட அதிகம்.

லென்ஸைப் பொருத்தி, கம்பிகளைச் சூடுகாட்டி வளைத்து, அவன் முகத்தில் மாட்டிக் காதுக்குப் பின்னால் அழுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் கண்ணைச் சிமிட்டினான், நிமிர்ந்து பார்த்தான். சில்லு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகவாய், கழுத்து, தோள், தன்னிடம் தனக்கே பிடிக்காததெல்லாம் ஒன்றொன்றாக அவன் கண்ணில் படுவதாகத் தோன்றியது.

"நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன்," என்றான்.

"எப்படி?"

"இன்னும் கொஞ்சம் உயரமா."

அதன் பிறகு இரண்டு மாதத்தில் சோடாபுட்டி மூன்று கண்ணாடி உடைத்தான். "இவன் கண்ணாடி போடுறானா, திங்கிறானா?" என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டு, அவன் வரும் நேரமாகப் பார்த்துத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

சில்லுவுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சந்தோஷம் பாதி, பயம் பாதி. மறைத்து வைத்து வாங்குகிற அன்பு தனக்கு வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னாள். நீ எதையும் மறைக்கவில்லை, நீ நீயாகத்தானே இருக்கிறாய் என்றாள் அக்கா. இருந்தாலும் சொல்லிவிடுவது என்று சில்லு முடிவு செய்தாள். பேருந்து நிறுத்தம் வரை அவனோடு நடந்துபோன ஒரு சாயங்காலம் சொன்னாள்.

"நான் பொறந்தப்ப பையன்னு எழுதிட்டாங்க. நான் பையன் இல்ல. வேற யாராவது உங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு தோணுச்சு."

அவன் "ம்" என்றான். பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டான்.

ஒரு வாரம் ஆள் அந்தப் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, பந்து பட்டுவிட்டது என்றான். சில்லு அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லென்ஸில் ஒரு கீறல் கிடையாது. ஒரு பக்கக் கம்பி மட்டும் அழகாக, அலுங்காமல், வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

"இது பந்து பட்டு வளைஞ்சது இல்ல. கையால வளைச்சிருக்க."

அவன் காது சிவந்தது. "ஆமா."

"எதுக்கு?"

"நல்லா இருக்கற கண்ணாடிய வெச்சுக்கிட்டு எப்படி இங்க வர்றது?"

அவள் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருக்கும்போதே அவன் மெதுவாகச் சொன்னான். முதல் மூன்று நாள் குழப்பமாக இருந்ததாம். அப்புறம் குழப்பம் போய்விட்டதாம், வெறுமனே பார்க்க வேண்டும் போல இருந்ததாம். அவ்வளவுதான் தனக்குச் சொல்லத் தெரிகிறது என்றான். சில்லுவுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலம் சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்தவன், கடந்த பிறகும் விட மறந்துபோனான். அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டு மாதம் அவள் காலே தரையில் படவில்லை. அதன் பிறகு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பேருந்து நிறுத்தத்தில் சோடாபுட்டி தன் அணிப் பையன்கள் நான்கு பேரோடு நின்றிருந்தான். எதிரே வந்த சில்லு சிரித்தபடி கையைத் தூக்கினாள். ஒரு பையன் அவளைப் பார்த்துவிட்டு இன்னொருவன் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். சோடாபுட்டி அவளை நேராகப் பார்த்தான். கண்ணாடி போட்டிருந்தான். அவளே செய்துகொடுத்த கண்ணாடி. பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சில்லு தூக்கிய கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினாள். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டாள். அம்மா வேலையிலிருந்து வந்தபோது குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம். அம்மா கதவைத் தட்டினாள். திறந்ததும் அவள் பார்த்தது, வீங்கிய கண்ணும் வழியும் மூக்குமாகத் தன் பிள்ளையை. பையை அப்படியே கீழே போட்டாள்.

"எவன்டி அவன்? உன்ன அழ வெச்சவன் எவன்டி?"

கேட்ட பிறகுதான் இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. சில்லுவின் அழுகை சட்டென்று நின்றது. அம்மா முந்தானையால் சில்லுவின் முகத்தை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தாள். வேண்டியதற்கும் மேலாக, வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சில்லு வாயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட அம்மா, மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மாமாவின் கடைக்குப் போய் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பதினொரு மணிக்கு அவன் வந்தான். சில்லு இல்லை என்றார் மாமா. திரைக்குப் பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போகவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த அம்மா யாரென்று அவனுக்கு என்ன தெரியும்?

"ரொம்ப நேரம் ஆகுமா தம்பி?" என்று விசாரித்தாள்.

தெரியாது, மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்றான். என்ன தப்பு என்று கேட்டாள். அறியாத முகத்திடம் சொல்வது சுலபமாக இருந்ததோ என்னவோ, அவன் முழுக்கச் சொன்னான். பிடித்த பெண்ணைத் தெரியாத மாதிரி நின்றதை, பையன்கள் சிரிப்புக்குப் பயந்ததை, ராத்திரி முழுக்கத் தன் மேலேயே ஆத்திரமாக இருந்ததை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். திட்டுவதற்கு ஒரு பட்டியலே கொண்டுவந்திருந்தாள். பேச்சு முடிவதற்குள் அதில் பாதியை மறந்துவிட்டாள்.

"இதெல்லாம் எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லு," என்று எழுந்துபோய்த் திரையை விலக்கினாள். "நான் அவளோட அம்மா."

அவன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது.

சில்லு வெளியே வந்தாள். இயந்திரத்தை எப்போதோ நிறுத்தியிருந்தாள், எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "எங்கிட்ட சொன்னா பத்தாது," என்றாள். "நேத்து என்னைத் தெரியாத மாதிரி நின்னது அவனுங்க முன்னாடி."

அடுத்த வெள்ளிக்கிழமை அதே நிறுத்தத்தில் அதே நான்கு பேரோடு அவன் நின்றிருந்தான். அவள் தெருமுனையில் வந்ததுமே, பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்படி "சில்லு" என்று கூப்பிட்டான். இவள்தான் என் கண்ணாடியைச் செய்கிறவள், எனக்கு ரொம்ப வேண்டியவள் என்று பையன்களிடம் சொன்னான். குரல் நடுங்கியது, சொல்லி முடித்தான். ஒருவன் சிரித்தான். ஒருவன் தரையைப் பார்த்தான். ஒருவன் மட்டும் சில்லுவிடம், தனக்கும் கரும்பலகை எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது, கடையில் பார்ப்பார்களா என்று கேட்டான்.

ஒரு வருடத்துக்கும் மேல் அவர்கள் அப்படி இருந்தார்கள். பிறகு அவனுக்குத் தொலைவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கிளம்பும் வாரம், ஆளில்லாத காலை நேரத்தில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போய் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கவைத்தான். பள்ளியில் பையன்கள் வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்பதற்காகவே விளையாட்டுப் பாடத்தை வருடக்கணக்காகத் தவிர்த்தவள் அவள். அவன் மெதுவாக உதைத்த பதினொரு பந்தில் ஒன்றைப் பிடித்தாள், அதுவும் வயிற்றில் வாங்கி.

முதலில் தினமும் போனில் பேசினார்கள், பிறகு வாரம் ஒரு முறை. இரண்டாம் வருடக் கடைசியில் அவன் அழுதுகொண்டே, அங்கே ஒருத்தியைப் பிடித்திருக்கிறது என்று அவளிடம்தான் முதலில் சொன்னான். சில்லு ஒரு வாரம் சாப்பிடவில்லை. அம்மா விடுப்பு எடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து நேரே கடைக்கு வந்து, திரைக்குப் பின்னால் அந்தச் சின்ன அறையில் ஒடுங்கி நின்று, மகள் தேய்த்துக் கொடுத்த லென்ஸ்களைத் துடைத்து வைத்தாள். பெரும்பாலானவற்றில் அம்மாவின் கைரேகை பதிந்திருந்தது. அம்மா போன பிறகு சில்லு ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பத் துடைத்தாள்.