தலைமாட்டில் பற்றரி

அரச நிதியில் மாணவர்களுக்கு மின்சைக்கிள் கொடுத்த அன்றுதான் அவரைக் கண்டேன். பற்றரிகளைச் சரிபார்க்க வந்தவர். அவருக்கு இடது புருவம் இல்லை. அந்தப் பக்கத் தோல் மினுங்கியது. ஒவ்வொரு பற்றரியையும் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டார்.

மகளின் முறை வந்ததும் என்னிடம் கேட்டார். “பிள்ளை எங்கை படுக்கிறவ?”

எனக்குக் கோபம் வந்தது. “அது உங்களுக்கு என்னத்துக்கு?”

“அந்த அறையிலை சார்ஜ் போடாதேங்கோ, அக்கா. விறாந்தையிலை போடுங்கோ.”

“அப்ப கள்ளன் கொண்டுபோவான், அண்ணை” என்றாள் மகள்.

“கொண்டுபோகட்டும்.”

ஞாயிறு மத்தியானம் மகள் தலைமாட்டில் சார்ஜ் போட்டுவிட்டு உறங்கிப்போனாள். நான் முணுமுணுத்தபடி பற்றரியை விறாந்தைக்குக் கொண்டுபோய் அங்கே சார்ஜ் போட்டேன். சிறிது நேரத்தில் அது வெடித்து எரிந்தது.

சுவரில் கரி இன்னும் இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் முன்பு எந்த வீட்டில் கேட்காமல் விட்டாரோ?