கட்டமும் வட்டமும்

"...எல்லாம் சாயத் தொட்டிப் புகை சார், எங்க வம்சத்துல கண்ணு கெட்டவன் ஒருத்தனும் கிடையாது!" என்று மாமா டாக்டரிடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா என் அம்மாவின் தம்பி. நகரியில் தறி நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவருடைய கருவிழி இரண்டும் பால் தெளித்ததுபோல வெளுத்திருக்கும். எனக்கும் அதேதான். எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயதில், கருவிழி மாற்றும் ஆபரேஷனுக்காக அம்மாவும் மாமாவும் நானும் திருப்பதிக்குப் போயிருந்தோம். இறந்தவர் கண்ணிலிருந்து எடுத்துத் தைப்பார்கள். அதற்கு முன் கண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அங்கே சீழ் இருந்தால் தைத்தது கெட்டுப்போகும். கீழிமை ஓரத்திலுள்ள சின்னத் துளையில் மொண்ணை ஊசியால் உப்புத் தண்ணீர் விட்டு, "உப்பு தெரியுதா?" என்றார் டாக்டர். தொண்டை கரித்தது. தலையாட்டினேன். குழாய் சரியாக இருந்தது. இனி யாராவது கண் கொடுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

"நீயும் சாயத் தொட்டியிலதான் வேலையா?"

"இல்ல சார், சித்தூர்ல மளிகைக் கடையில பொட்டலம் கட்டறேன்."

டாக்டர் மாமா பக்கம் திரும்பினார். "அப்போ இவனுக்கு ஏதய்யா புகை?"

"காத்துல வந்திருக்கும் சார்."

"நகரியிலேருந்து சித்தூருக்கா?"

மாமாவிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும். எனக்குத்தான் எரிச்சல் தாங்கவில்லை.

"மேனரிகமா?" என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். சொந்தத்துக்குள் கட்டுவதற்குத் தெலுங்கில் அப்படிச் சொல்வார்கள்.

"ஆமாங்க. என் தாய்மாமனைத்தான் கட்டிக்கினேன்."

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் எங்கள் குடும்பத்தை ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமுமாகப் போட்டார். என்னுடையதையும் மாமாவுடையதையும் கறுப்பாக்கினார். "இந்த நோய் அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிக்கினு இருக்கும்மா. சொந்தத்துலயே கட்டினா பிள்ளைங்க கண்ணுல வந்து உட்காரும். ஆபரேஷன் இவனுக்குப் பார்வை குடுக்கும். பின்னால பொறக்கறதுங்களுக்கு வர்றதைத் தடுக்காது."

வருகிற ஆவணியில் என் தங்கையை மாமாவின் மகனுக்குக் கொடுப்பதாக வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தோம். அம்மா சொல்லுவாள் என்று பார்த்தேன். அவள் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே வாயைத் திறந்தேன். "சார், என் தங்கச்சியை இவர் மகனுக்குத்தான்..."

"ஏண்டா மருமவனே, நீ கண்ணைக் காட்ட வந்தியா, கல்யாணத்தை நிறுத்த வந்தியா?" என்றார் மாமா.

டாக்டர் பேனாவை மூடினார். "வேணாம்யா. ரெண்டு பேரும் வெளியில கட்டட்டும். நான் சொல்லத்தான் முடியும்."

என் கண்ணைத் தைக்க ஆள் இருந்தது. மாமா மனசைத் திருப்பத்தான் எவரும் இல்லை. வெளியே வந்ததும் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "வீட்டுக்குப் போய் இவன் நைனாகிட்டப் பேசிக்கினு அப்புறம் பார்க்கலாண்டா."

"உரிமைப் பொண்ணை வுட்டுட்டு வெளியில எடுத்தா நகரியில எவன் என்னை மதிப்பான்க்கா? அந்தாளு கண்ணு டாக்டரா, கல்யாண புரோக்கரா?"

"மாமா, பொறக்கறது என்ன மாதிரிப் பொறந்தா?" என்றேன்.

அவர் ரோட்டைக் கடந்து எதிரிலிருந்த அச்சாபீசுக்குள் போனார். மாதிரிக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வாங்கி, மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் பிடித்து ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்தார். பிறகு, ஆவணி முகூர்த்தத்துக்கு முந்நூறு அடிக்கச் சொன்னார்.