இரண்டு பக்கமும் திறக்கும் மூடி

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்ற செய்தியை அவர் மகள் பிரின்சிதான் போனில் சொன்னாள். காலை ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டியவர், குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளேயே விழுந்துகிடந்திருக்கிறார். அக்கம்பக்கத்தார் கதவை உடைத்தபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர். நான் வாலாஜாபாத்தில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் பிரின்சி கேட்டது ஒன்றுதான்.

"மிக்ஸி ஓடிக்கினு இருந்திச்சி மாமா. அம்மா கதவத் தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

அக்காவும் நானும் வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரே ஃபைபர் ஷெட்டில் வேலை செய்தோம். எனக்கு வார்ப்பு வேலை, அவருக்கு மரவேலை. ஐடிஐயில் தச்சு படித்தவர். பேச்சில் காரம் தூக்கலாகவே இருக்கும். "இன்னா சார், டேப்ப தலகீழா புடிச்சிக்கினு கீறீங்க" என்று மேனேஜரையே கேட்பார். உண்மையான கோபம் வந்தால் மட்டும் உளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசுவார். அதைக் கண்டால் நாங்கள் நைசாக நகர்ந்துவிடுவோம்.

போன வருடம் ஒரு பாய்மரப் படகுக்கு ஆர்டர் வந்தது. கடலே கண்ணில் படாத ஊரில் படகா என்று சிரித்தோம். உடலை நாங்கள் ஃபைபரில் வார்த்தோம். மேல்தளத்திலிருந்து கீழறைக்கு இறங்கும் திறப்புகளுக்குத் தேக்கு மூடிகள் செய்வது அக்காவின் பொறுப்பு. எந்த இரண்டு திறப்பும் ஒரே அளவில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அட்டை வெட்டி வைத்துப் பார்த்தார். ஈரத்தில் மரம் ஊதும் என்று விளிம்பில் இடம் விட்டார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கீல் பொருத்தினார்.

படகின் சொந்தக்காரர் பார்க்க வந்தார். வெளியே ஒரு பித்தளைப் பூட்டு போதும், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வைத்தால் தலையில் இடிக்கும், பார்க்கவும் நன்றாக இராது என்றார்.

"உள்ள இருக்கிறவன் எப்டி சார் வெளிய வருவான்?" என்றார் அக்கா.

"யாரும்மா உள்ள வச்சிப் பூட்டப் போறாங்க?"

அக்கா உளியைக் கீழே வைத்தார். "கொஞ்சம் எறங்கி, சந்துல வெளிச்சம் வருதான்னு பாத்து சொல்லுங்க சார்" என்றார். அவர் இறங்கியதும் மூடியைச் சாத்திப் பூட்டிவிட்டார்.

பக்கத்தில் ஃபைபர் தேய்க்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று அக்கா கை காட்டினார். உள்ளிருந்து சொந்தக்காரர் தட்டத் தொடங்கினார். அக்கா மூடிமேல் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவர் முகத்தில் கோபமே இல்லை. பிறகு திறந்துவிட்டார். வியர்த்து வெளியே வந்தவர் நேராகக் காரில் ஏறிப் போனார். மேனேஜர் அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். மறுநாள் சொந்தக்காரரே போன் செய்து, எல்லா மூடிக்கும் இரண்டு பக்கமும் கைப்பிடி வைக்கச் சொன்னார். அக்காவும் வந்து வைத்துக்கொடுத்தார்.

மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவரைத் தனியாக விட மனமில்லாமல் ஷேர் ஆட்டோவில் நானும் ஏறினேன். கணவரைப் பற்றி அவர் பேசியது அந்த ஒருநாள்தான்.

"கான்ட்ராக்ட்ல தொட்டி கழுவ எறங்குனாருடா. உள்ள ஆளு கீதான்னு பாக்காம மூடிட்டானுங்க. வெளிய எடுக்கும்போது வெரல் முட்டியெல்லாம் தோலு உரிஞ்சி கெடந்திச்சி. தட்டியிருக்காரு. மிஷின் சத்தத்துல கேக்கலன்னானுங்க. நானும் இத்தினி வருஷமா நம்பிக்கினு இருந்தேன்."

தன் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கேக்குதுடா. கிரைண்டர் ஓடும்போதும் நல்லாவே கேக்குது."

வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தார். இறங்கும்போது, "பிரின்சிகிட்ட சொல்லிடாத" என்றார். சரி என்றேன்.

பிரின்சி, அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இங்கே மீறுகிறேன். உன் மிக்ஸி எங்கள் கிரைண்டரைவிடப் பெரிய சத்தம் போடாது. அம்மா தட்டியிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அவர் கைகளை எடுத்துப் பார்த்தேன். நகக்கண்ணில் பசைக் கறை இருந்தது, கட்டைவிரலில் பழைய உளித் தழும்பு இருந்தது. விரல் முட்டிகளில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் தட்டவில்லையம்மா.

அதைப் பார்த்த பிறகுதான் மூடச் சொன்னேன். போய் வாருங்கள், அக்கா.