றமணனின் கரவனில் ஓர் ஆள் பாரம்

தெற்கு லண்டனில் மிச்சம், தோர்ண்டன் ஹீத் என்ற ஊர்களில் தமிழ்க் கடை வைத்திருப்பவர்களில் என் தம்பி றமணனைத் தெரியாதவர்கள் குறைவு. மீன் வைக்கும் குளிர்ப்பெட்டி நின்றுபோனால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஜேர்மனியில் இருந்த காலத்தில் ஒரு கிழவருக்குக் கருவிகளைத் தூக்கிக் கொடுத்துப் பழகிய தொழில். சேர்டிபிக்கட் எல்லாம் பிறகுதான் வந்தது. சனிக்கிழமை இரவு கூப்பிட்டாலும் முகம் சுழிக்காமல் போவான். நான் அவனுக்கு மூத்தவள். அவனைப் பற்றி யாராவது நல்லது சொன்னால், அது எனக்கே சொன்னதுபோல இருக்கும்.

ஜேர்மனியில் அவன் பழகிய இன்னொன்று கரவன். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் சின்ன வீடு. லண்டனுக்கு வந்து கொஞ்சக் காலத்தில் பழையது ஒன்று வாங்கினான். பெரியது. இரண்டு அச்சு, நாலு சில்லு. உள்ளே நிரந்தரக் கட்டில், அடுப்பு, கழிவறை. எங்கள் ஆட்களுக்கு அது பெரிய பகிடி. "வாடகை குடுக்கப் பஞ்சிப்பட்டு வீட்டையே இழுத்துக்கொண்டு திரியிறான்" என்று கலியாண வீடுகளில் சிரிப்பார்கள். அவன் மனைவி பெர்னடெற் விடமாட்டாள். "உங்கட வீட்டையும் ஒருக்கால் இழுத்துப் பாருங்கோவன், வருதோ எண்டு" என்பாள்.

நாங்கள் சைவம், பெர்னடெற் வேதம், கத்தோலிக்கம். ஜூலை வந்தால் நோர்போக்கில் உள்ள வோல்சிங்காம் மாதாவிடம் தமிழர்கள் பஸ் பஸ்ஸாகப் போவார்கள். வேதக்காரர் மட்டுமல்ல, திருநீறு பூசுகிற எங்களைப் போன்றவர்களும்தான். றமணனும் பெர்னடெற்றும் கரவனில் போய் இரண்டு மூன்று நாள் நின்று வருவார்கள். போன வருடமும் போனார்கள். அப்போது அவளுக்கு வருத்தம் முற்றியிருந்தது. வழியில் நிறுத்திய இடமெல்லாம் கரவனுக்குள் போய்க் கட்டிலில் படுத்தாளாம். திரும்பி வந்ததும் நேரே ஆஸ்பத்திரி. ஒக்டோபரில் போய்விட்டாள்.

கடைசியாக நினைவோடு கதைத்த நாளில் அவள் றமணனிடம் ஒன்று கேட்டாள். வருகிற ஜூலையில் மகள் றொஷானியைக் கரவனில் மாதாவிடம் கூட்டிக்கொண்டு போகவேண்டும். பஸ்ஸில் அல்ல, கரவனில். அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

கரவன் சட்டன் நகருக்கு அப்பால் ஒரு திறந்த வளவில் நின்றது. அங்கே பலருடைய கரவன்கள் வரிசையாக நிற்கும். றமணன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உள்ளே உட்கார்ந்துவிட்டு வருவான். பெர்னடெற் கடைசியாகப் படுத்த கட்டிலை அவன் தொடவில்லை. விரிப்பு அப்படியே, தலையணையில் தலை பதிந்த பள்ளமும் அப்படியே. ஒரே இடத்தில் நின்றால் ரயர் சப்பையாகிவிடும் என்று இடைக்கிடை காரில் கொழுவி வளவைச் சுற்றி ஓட்டுவான்.

மே மாதத்தில் ஒரு நாள் வேலையால் நேரே என் வீட்டுக்கு வந்தான். சாப்பாடு போட்டேன். தொடவில்லை.

"அக்கா, சிரிக்கப்படாது. அவ கரவனுக்க இருக்கிறா."

"ஆரடா?"

"பெர்னடெற். பிறேக் பிடிச்சா கட்டில்ல பிரண்டு படுக்கிற சத்தம் கேக்குது. கார் பின்பக்கமும் பதியுது. பாரம் தெரியுது அக்கா. நான் எத்தினை வருசமா இழுக்கிறன், எனக்குத் தெரியாதோ?"

நான் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவனோடு போனேன். ஓடும்போது கரவனுக்குள் ஆள் இருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். ஆனால் அது தனியார் வளவு, அவனும் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினான். நான் உள்ளே கதவோரம் பிடித்துக்கொண்டு நின்றேன். மூலையில் திரும்பும்போது கேட்டது. ஒருவர் உடம்பை மெதுவாக மறுபக்கம் திருப்புகிற சத்தம். பிறகு அடங்கிவரும் ஒரு பெருமூச்சு. கட்டிலில் விரிப்பு ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. நான் கதவைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன்.

"கேட்டுதோ?" என்றான் றமணன்.

"ஓம்."

அவன் முகத்தில் வந்தது பயம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் ஜூலைக்குப் போகவேண்டும். மோட்டர்வேயில் அந்தப் பாரத்தை இழுக்கவேண்டும். முன்னால் காரில் பத்தொன்பது வயதுப் பிள்ளை இருப்பாள். கரவனில் ஒரு ரயர் வெடித்தால் அது பாம்புபோல ஆடி, இழுக்கிற காரையும் சேர்த்துப் புரட்டிவிடும் என்று றமணனே எனக்குச் சொல்லியிருக்கிறான். ரயரை மாற்றாமல் வெளிக்கிட விடமாட்டேன் என்றேன்.

சட்டனில் ரயர்க்கடை வைத்திருக்கும் விஜயரத்தினத்தைக் கூப்பிட்டோம். வாய் ஓயாத மனிதர். வந்ததும் குனிந்து பார்த்தார்.

"றமணன், இது புது ரயர் மாதிரியெல்லோ இருக்கு! தேய்வே இல்லை."

"அதுதானே அண்ணை, வருசத்தில ரெண்டு ஓட்டம்."

"அங்கதான் எங்கட ஆக்கள் எல்லாரும் பிழை விடுறது. தேயேல்லை, அப்ப நல்லது எண்டு நினைக்கிறது. கரவன் ரயர் தேஞ்சு சாகாது, கிடந்து சாகும்." ரயரின் பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் இரண்டும் செய்த வாரம், கடைசி இரண்டும் வருடம். எட்டு வருடம் கழிந்திருந்தது. சுவரை விரலால் அழுத்தியபோது மயிர்போல் வெடிப்புகள் விரிந்தன. "ஐஞ்சு வருசம் போனா யோசிக்கவேணும், ஏழு போனா யோசிக்கவும் கூடாது. கழட்டவேணும்."

பிறகு என்ன ரயர் போடுவது என்ற கதை வந்தது. அளவு ஒன்றாக இருந்தால் போதாது. ஒவ்வொரு ரயரும் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் ஓர் எண் இருக்கிறது. நாலும் சேர்ந்து தாங்குவது, கரவனின் கதவடியில் தகட்டில் எழுதியிருக்கும் உச்சப் பாரத்தைவிடத் தாராளமாகக் கூட இருக்கவேண்டும். மட்டுமட்டாக இருந்தால் வெயில் நாளில் சூடேறி விடும். வான் வண்டிகளுக்குப் போடுகிற கடினச் சுவர் ரயர் நல்லது, ஆனால் அதற்குக் காற்றுக் கூட வேண்டும், அந்தக் காற்றைச் சில்லும் தாங்கவேண்டும். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

"அப்ப தகட்டில இருக்கிற பாரத்துக்குப் பாத்துப் போடுவம்" என்றார்.

"ஓராளின்ர பாரத்தையும் சேத்துப் பாருங்கோ அண்ணை" என்றான் றமணன்.

"ஆரின்ர?"

"பெர்னடெற்றின்ர."

விஜயரத்தினம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் காற்றுக் குழாயை எடுத்துச் சுருட்டத் தொடங்கினார்.

"நிறுத்துப் பாப்பம்" என்றேன் நான். "கண்மதிப்பு வேண்டாம்."

அவரிடம் சில்லுக்குக் கீழ் வைக்கிற தட்டையான தராசுகள் இருந்தன. அடுத்த சனி கொண்டுவந்தார். றொஷானியும் வந்தாள். பயணத்துக்கு ஏற்றுகிற சாமான் எதுவும் அன்று உள்ளே இல்லை. தண்ணீர்த் தொட்டி வெறுமை, வெளிக்கூடாரம் றமணனின் வீட்டில். நாலு சில்லையும் தராசுகளில் ஏற்றி எண்களைக் கூட்டினார். பிழை என்று சொல்லி இன்னொரு தரம் கூட்டினார். வெறும் கரவன், அதற்கு இருக்கவேண்டிய நிறையைவிட நூறு கிலோவுக்கு மேல் கூட இருந்தது. அதிலும் கூடுதல் எல்லாம் ஒரு பக்கத்தில், கட்டில் பக்கத்துச் சில்லுகளில்.

"நான் சொன்னனே" என்றான் றமணன் மெதுவாக.

விஜயரத்தினம் ஓர் அடி பின்னால் போனார். "தம்பி, இதுக்கு மேல நீங்கள் சாமானையும் ஏத்தினா தகட்டுப் பாரம் தாண்டிப் போகும். ரயரைப் பெரிசாக்கினா ரயர் தாங்கும். அச்சு அதே பழைய அச்சுத்தானே. அது தாங்காது."

"கட்டிலைத் தூக்கு" என்றேன்.

"ஏலாது."

"றமணன், கட்டிலைத் தூக்கு."

"ஏலாது அக்கா. அவ படுத்த மாதிரி இருக்கு. கலைக்கேலாது."

நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க, றொஷானி உள்ளே ஏறினாள். மெத்தையோடு கட்டில் பலகை மேலே எழும்புகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டி நிறையத் தண்ணீர்க் கான்கள், ஐந்து லீற்றர்க் கான்கள். இருபத்தைந்துக்குக் குறையாது. எதுவும் கழுத்துவரை நிறைந்திருக்கவில்லை. றொஷானி ஒன்றைத் தொட்டாள். உள்ளே தண்ணீர் புரண்டு, மூச்சு விட்டு, அடங்கியது.

"மாமி, இது ஹோலி வோட்டர்" என்றாள். "வோல்சிங்காம் கிணத்துத் தண்ணி. அம்மா எவ்ரி இயர் எல்லாருக்கும் கொண்டுவாறவ."

கொண்டுவருவது எனக்கும் தெரியும். கிணற்றடியில் பெண்கள் சேர்ந்து நிரப்புவார்கள், லண்டன் வந்ததும் பெண்கள் சேர்ந்தே இறக்கி வீடு வீடாகக் கொடுப்பார்கள். றமணனுக்கு அதில் ஒரு வேலையும் இருந்ததில்லை. போன வருடம் இறக்குவதற்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

றமணனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவன் படியில் நின்று பார்த்தான். தலையணையின் பள்ளம் இல்லாமல் போயிருந்தது.

"ஏன் திறந்தனி?" என்று மகளிடம் கேட்டான். அவன் அவளோடு அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. "மூடு. அப்பிடியே இருக்கட்டும். வேற ஒரு சாமானும் ஏத்தாமல் போவம். நிலத்தில படுப்பம்."

"தண்ணியை வைச்சு ஓடாதையுங்கோ தம்பி" என்றார் விஜயரத்தினம். "சும்மா பாரம் எண்டாப் பரவாயில்லை, இது அசையிற பாரம். அதுவும் ஒரு பக்கத்தில. மோட்டர்வேயில வண்டியை ஆட்டிப்போடும்."

"அப்பா, அம்மா இதைக் குடுக்கத்தானே கொண்டுவந்தவ?" என்றாள் றொஷானி. அழுதுகொண்டே சொன்னாள். "வைச்சிருக்கவோ கொண்டுவந்தவ?"

அவன் படியால் இறங்கி வழி விட்டான். அன்றே பாதியை என் வீட்டிலும் பாதியை அவன் வீட்டிலும் இறக்கினோம்.

ரயரை நான் விடவில்லை. கடினச் சுவர் ரயர் ஐந்து, நாலு சில்லுக்கும் உதவிச் சில்லுக்குமாகச் சொல்லிவைத்தோம். வந்ததும் ஒவ்வொன்றிலும் தேதியைத் தேடி வாசித்தேன். ஒன்று மூன்று வருடத்துக்கு முந்தியது.

"அக்கா, கடையில கிடந்தாலும் அது புதுசுதான்" என்றார் விஜயரத்தினம்.

"எங்களுக்கும் இங்க கிடந்து பழசாகத்தானே போகுது. முதலே பழசானது வேண்டாம்."

"உங்களை மாதிரி ரெண்டு பேர் வந்தா நான் கடையைப் பூட்டிப்போட்டு ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். காற்றடைக்கும் வாய்களையும் புதிதாகப் போட்டார். கொஞ்சத் தூரம் ஓடிய பிறகு சில்லு நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும் என்று றமணனிடம் இரண்டு தரம் சொன்னார்.

தண்ணீரைக் கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சிலர் இரண்டு கையாலும் வாங்கி அழுதார்கள். மிச்சம் ஊரில் ஒரு பெண், இறந்தவள் கொண்டுவந்த தண்ணீரா என்று கேட்டுவிட்டு, வீட்டில் குழந்தை இருக்கிறது என்று கதவைச் சாத்தினாள். றமணன் அந்தக் கானைத் தானே சுமந்து காருக்குக் கொண்டுவந்து, பின் சீற்றில் வைத்துப் பெல்ற்றையும் போட்டான்.

வெளிக்கிடுவதற்கு முதல் நாள் கடைசிக் கான் மிஞ்சியது. அது தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் கனகாம்பிகைக்கு. பெர்னடெற்றோடு ஒன்றாகத் தையல் வேலை செய்தவள். போன வருடம் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய் அந்தக் கிழமைதான் திரும்பியிருந்தாள். செய்தி எப்படியும் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தோம்.

கதவைத் திறந்ததும் கானைப் பார்த்துச் சிரித்தாள். "கள்ளி! தாறன் எண்டு சொல்லி ஒரு வருசம். போன் நம்பரும் மாத்திப்போட்டாவோ? எங்க அவ? காருக்க இருந்துகொண்டு என்னட்டை வரமாட்டாவாமோ?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் றமணன் சொன்னான்: "களைச்சுப்போய் இருக்கிறா."

"அப்ப எழுப்பாதையுங்கோ அண்ணை. தேத்தண்ணி தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ. சீனி இல்லாமலெல்லோ?"

"இல்லை. இப்ப சீனி போட்டுத்தான்."

கனகாம்பிகை ஊற்றிக் கொடுத்தாள். அவன் கோப்பையைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு படி இறங்கினான். ஜன்னலால் பார்த்தேன். காரின் இடது பக்க முன் கதவைத் திறந்து, ரோட்டோரத்தில் குந்தி, கோப்பையை உள்ளே நீட்டிக்கொண்டு இருந்தான். உள்ளே கனகாம்பிகை எனக்கு ரொறன்ரோப் பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஓம் ஓம் என்றேன். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது கோப்பை கொடுத்தபடியே நிறைந்திருந்தது. மேசையில் வைத்தான்.

"அவ குடிக்கேல்லை" என்றான். கோப்பையைத் தள்ளி வைத்து, "பெர்னடெற் செத்துப்போனா, கனகாம்பிகை. ஒக்டோபர்ல" என்றான்.

கனகாம்பிகை கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழும்பி வந்து, "விசரா, விசரா" என்று அவன் தோளில் அடித்தாள். அடித்த கையாலேயே அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து நின்றபடியே குடித்து முடித்தான்.

நாங்கள் காருக்கு வந்தோம். நான் முன் கதவைத் திறந்து சீற்றில் கை வைத்தேன். சூடாக இருந்தது. ஜூலை வெயில் அந்தப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கதவை மூடிவிட்டுப் பின்னால் ஏறினேன். றமணன் ஏன் என்று கேட்கவில்லை. காரை எடுத்து, ரோட்டு முனைக்கு வந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்தான்.

"விடிய ஆறு மணிக்கு வெளிக்கிடவேணும்" என்றான்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.