மாமியாரை இறக்கிவிட்ட வேன்

தனசேகரனின் கை இடது முன்டயரைத் தடவிக்கொண்டிருந்தது. வெளி ஓரத்தில் ரப்பர் பட்டன் புதிதுபோல் நின்றது. உள் ஓரம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது.

ஆரணியில் பட்டுப்புடவை வியாபாரி அவர். 1998இல் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர் டிரம் எல்லாம் பொருத்தினார். பெங்களூருக்குப் புடவை கொண்டுபோனால் அதிலேயே சமைத்து அதிலேயே தூங்குவார். லாட்ஜில் மூட்டைப்பூச்சியாம். அது ஒரே வாரத்தில் வேனுக்கும் வந்துவிட்டது.

டயரைப் பார்த்த மெக்கானிக் பன்னீர்செல்வம் அலைன்மென்ட் பார்க்கச் சொன்னார்.

"முன்சக்கரம் ரெண்டும் நேரா நிக்கலீங்க. ரோட்ட அராவிகினு போவுது. வேலூர்ல மெஷின் இருக்குது, காட்டிட்டு வாங்க."

தறியில் பாவு நூல் ஒரு ஓரம் தளர்ந்தால் அங்கே கல்லைக் கட்டி நிறுத்தும் தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவர் தனசேகரன். "மெஷின் இன்னாத்துக்கு? வெயிட்டு ஒரே பக்கமா குந்திகினு வருது, அவ்ளோதான்" என்றார்.

இடப்பக்கம் உட்கார்ந்து வருபவர் முள்ளிப்பட்டு மாமியார் அபிதகுசாம்பாள். அவரை வலப்பக்கம் மாற்றினார். பிறகு நடுவில், தண்ணீர் டிரம்மின் மேல். டயர் தேய்வது நிற்கவில்லை.

அதே ஊரில் நான் எலும்பு டாக்டர். செருப்பு ஒரு பக்கம் தேய்ந்தால் நோயாளியின் நடையைப் பார்ப்போம், கையிலிருக்கும் பையைக் குறை சொல்ல மாட்டோம். அவரிடம் இதைச் சொன்னேன். "அது காலு, இது வேனு" என்றார்.

வேலூரில் அவர் தங்கை மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். ராகுகாலத்துக்கு முன் முடிக்க வேண்டும். முதல்நாளே வந்து தங்கியிருந்த மாமியாரிடம், கிளம்பும் நேரத்தில் சொன்னார்.

"அத்தே, நீங்க பஸ்ல வந்துடுங்க. சவுகரியமா இருக்கும்."

"யாருக்கு மாப்ளே, டயருக்கா?"

அபிதகுசாம்பாள் பஸ் நிலையத்துக்கு நடந்தார். மனைவி ரேணுகாம்பாளும் வேனிலிருந்து இறங்கி அம்மாவோடு போய்விட்டாள்.

அவரைத் தவிர ஆளில்லாத வேன் கண்ணமங்கலத்தை நெருங்கியபோது அதே டயர் வெடித்தது. மாற்று டயரும் இதே சக்கரத்தில் ஓடித் தேய்ந்ததுதான். அதில் காற்றே இல்லை. தாய்மாமன் சாலையில் நின்று, வந்த வேலூர் பஸ்ஸை மறித்தார். உள்ளே கூட்டம். ஜன்னலோர சீட்டில் மாமியார்.

"கண்டக்டர் தம்பி, எங்க மாப்ள எந்தப் பக்கம் நிக்கணும்னு சொல்லிடுப்பா. உன் டயரு தேஞ்சிடப் போவுது!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. தனசேகரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் ஜல்தியா போவச் சொல்லுங்க அத்தே" என்றார்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்து அலறியது. காது குத்தியாயிற்று.

மறுநாள் காலை பன்னீர்செல்வத்தோடு வேன் நின்ற இடத்துக்குப் போய் டயரை மாற்றி, வேலூரில் அலைன்மென்ட் செய்து, வேனை நேராக முள்ளிப்பட்டுக்கு ஓட்டிவந்தார். "ஏறுங்க அத்தே, ஒரு ரவுண்டு போலாம்" என்று கதவைத் திறந்தார். அபிதகுசாம்பாள் பக்கத்து வீட்டுப் பூங்காவனத்தையும் கூப்பிட்டுக்கொண்டார். இருவரும் இடப்பக்கமாகவே உட்கார்ந்தார்கள்.